உள் அறைச் சுவர்

உள்ளங்கையை விரித்து, புதிதாகப் பூசிய சுவரில் வைத்தான்.

ஈரம்.

மெதுவாக இழுத்துக்கொண்டு போனான். எங்காவது ஒரு மேடு தட்டுப்படும்.

தட்டுப்பட வேண்டும்.

வேலையாட்கள் போய்விட்டார்கள். சூலூர் ரோட்டில் பாதி எழும்பி நின்ற அந்த வீட்டுக்குள் வெள்ளிங்கிரி ஒருவன்தான். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, கடைசி ஆள் போகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டுத்தான் நுழைந்தான்.

கடைசியாகப் போனது இரண்டு பேர். ஒன்று துலால், வங்காளத்துப் பையன், பூச்சுக் கொத்தனார். இன்னொன்று ருக்குமணி.

வெள்ளிங்கிரியின் மனைவி.

வாசலில் நின்று துலால் ஏதோ சொன்னான். அவள் அண்ணாந்து சிரித்தாள். பஸ் வந்து நின்ற பிறகும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.

அப்படி அவள் சிரித்து அவன் பார்த்து நாளாகியிருந்தது.

போன மழைக்கு முன்னால்வரை, மேஸ்திரி எடுக்கிற வீடுகளுக்கெல்லாம் பூச்சு வேலை அவனுடையதுதான். சாரத்தில் அவன் நிற்பான். கீழே அவள் சாந்து குழைத்துக் கொடுப்பாள். அப்புறம் ரயிலில் பையன்கள் வந்து இறங்கினார்கள். ஒரே தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்துக்கொள்கிற பையன்கள்.

"வெள்ளிங்கிரி, உனக்குக் குடுக்கற கூலிக்கு ரெண்டு பசங்க வர்றாங்கப்பா. நான் என்ன பண்ணட்டும் சொல்லு" என்றார் மேஸ்திரி.

சித்தாளுக்கு மட்டும் ஆள் வேண்டியிருந்தது. ருக்குமணியை வரச்சொன்னார்.

போனாள். வீட்டில் யாராவது ஒருவர் போக வேண்டியிருந்தது.

அவன் குழாயில் தண்ணீர் பிடித்தான். சோறு வடித்தான். சாயங்காலம் அவள் வருவாள், துலால் கதையோடு. துலாலுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காதாம். சாரத்தில் ஏறினால் பாட்டு வந்துவிடுமாம். முந்தாநாள் வீட்டில் சாப்பிடும்போது வெள்ளிங்கிரி தண்ணீர் கேட்டான். "பானியா?" என்று அந்தப் பையன்கள் பாஷையில் கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

சுவரில் கை மூலைக்கு வந்தது. அவசரமாகப் பூசுகிறவன் மூலையில் மாட்டிக்கொள்வான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மூலை நேராக இறங்கியிருந்தது.

நன்றாக இருந்தது.

இதைவிட நன்றாக அவனால் பூச முடியும். ஆனாலும் நன்றாக இருந்தது.

கழுவி வைத்திருந்த பூச்சுக் கரண்டி காலடியில் கிடந்தது. எடுத்தான். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு.

சாந்து பொத்தென்று காலில் விழுந்தது.

இன்னொரு இழுப்பு. இன்னொன்று.

மறுநாள் ருக்குமணி வீட்டுக்கு நேரங்கழித்து வந்தாள். கதை எதுவும் சொல்லவில்லை. சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"உள் ரூம்புச் செவுத்தை யாரோ கீறி உட்டுட்டாங்க. பூராத்தையும் கொத்தி எடுத்தோம்."

"அந்தப் பையன் என்ன சொன்னான்?"

"அவன் என்ன சொல்லுவான்? அது அவன் பூசினதில்லீங்க."

தட்டில் விரலால் கோடு போட்டாள்.

"நான் பூசினது."

தட்டில் அவள் போட்ட கோட்டை அவன் பார்த்தான்.

"மத்தியானச் சோத்து நேரத்துல துலால் கத்துக்குடுப்பான். ஒரு செவுரை முழுசா முடிச்சுட்டு உங்களைக் கூட்டிட்டு வந்து காட்டோணும்னு இருந்தேன்."

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவனிடம் கரண்டியைக் கேட்டிருக்கிறாள். உனக்கு எதுக்குடி இது என்று அவன் சிரித்தான். அப்புறம் அவள் கேட்டதில்லை.

"துலால் பாத்துட்டுச் சொன்னான். கீறுனது வேலை தெரிஞ்ச கையாம்."

அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு மறுபடி பூசோணும். நான் கரண்டி புடிச்சா சாந்து எடுத்துக் குடுக்க ஆளில்லை. மேஸ்திரிகிட்டக் கேட்டுட்டேன். வர்றீங்களா?"

காலையில் போனான்.

வெளிச்சாரத்தில் துலால் நின்றிருந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மீசை சரியாக முளைக்கவில்லை. "வணக்கம் அண்ணா" என்றான் தமிழில். வெள்ளிங்கிரி தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனான்.

மணலையும் சிமெண்டையும் புரட்டினான். நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றினான். சட்டியில் அள்ளிக் கொண்டுபோய் வைத்தான்.

ருக்குமணி புடவைக்கு மேல் அவனுடைய பழைய சட்டையைப் போட்டிருந்தாள். சுவருக்குத் தண்ணீர் அடித்தாள். கரண்டியில் சாந்தை வாரி ஒரு வீச்சு.

அப்பிக்கொண்டது.

அடுத்த வீச்சு. அதற்கடுத்தது. தோள் அசையவில்லை, மணிக்கட்டு மட்டும்தான் திரும்பியது. அவனுக்கு அது பிடிபட இரண்டு வருடம் ஆனது.

வயிறு எரிந்தது. வெளியே துலால் பாடிக்கொண்டிருந்தான். அது வெள்ளிங்கிரியின் காதில் விழவே இல்லை. அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நிறுத்தினாள். கரண்டியிலிருந்து சாந்து வழிந்து தரையில் சொட்டியது.

"கொஞ்சம் எளக்கமா இருக்குதுங்க" என்றாள், திரும்பாமல்.

அவன் சட்டியைத் தூக்கிக்கொண்டு கலவைக்குப் போனான்.