ஊசியில் நூல் கோர்த்தவர்

சங்கு ஊதி, பனியன் கம்பெனியின் மெஷின்கள் ஓடத் தொடங்கிய நேரத்தில் துளசிமணி உள்ளே வந்தாள். ஐம்பது தாண்டியவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாது என்று சொல்லி அவளை வேலையிலிருந்து நிறுத்தியது செல்லாது, அதே வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்று தொழிலாளர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது.

"வாங்க ஜட்ஜம்மா" என்று ஒருத்தி கேலியும் பாசமுமாக வழிவிட்டாள். துளசிமணியால் சிரிக்க முடியவில்லை. வேலையிலிருந்து நிறுத்திய அன்றைக்கு அவளைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்ட சூப்பர்வைசர் மயில்சாமி எதிரே வந்துகொண்டிருந்தார். இன்றும் ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்தாள்.

அவர் அவளுடைய பழைய மெஷின் முன்னால் குனிந்து, ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தார். நூல் விலகி விலகிப் போனது. சட்டைப்பையிலிருந்து, அங்கே யாருமே பார்த்திராத ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நூலை நுழைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எனக்கும் அம்பத்திரண்டு ஆச்சுங்கக்கா. நீங்க கேஸ்ல ஜெயிச்ச பொறகுதான் இதை வெளிய எடுக்கவே தைரியம் வந்துச்சு, நல்லா இருப்பீங்க."