பின்சீட்டுக் கனம்

"பின்னாடி குந்துற ஆளு தொண்ணூறு கிலோவாம். அதான் ஸ்பிரிங்கைக் கடைசி ஸ்டெப்புக்கு ஏத்திக்கினு இருக்கேன்" என்றான் மெக்கானிக் பாலையா, பின்சக்கரத்தின் மேல் குனிந்தபடியே.

முனிரத்தினம் நின்ற இடத்திலேயே நின்றார். சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு நடந்தவர், கடையில் மகனின் பைக்கைக் கண்டு, என்ன கோளாறு என்று கேட்கத்தான் நுழைந்திருந்தார். அவர் யாரென்று பாலையாவுக்குத் தெரியாது.

மகன் சீனு குவைத்தில் இருக்கிறான். பைக்கை ஓட்டுவது மருமகள் ஹர்ஷினி. ஸ்ரீசிட்டி கம்பெனிக்குத் தனியாகப் போய்த் தனியாக வருகிறவள். ஈரப் புடவையோடு நிறுத்தாலும் ஐம்பது கிலோ தேறமாட்டாள்.

பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். பெட்டி முனகியது.

"ஒண்டியா போற வண்டிக்கு இதெல்லாம் எதுக்குப்பா?"

"அந்தப் பொண்ணு மட்டும் போனா லூசா இருந்தாலே போதும் பெரியவரே. பின்னாடி கனமான உடம்பு குந்தினா வண்டி அமுங்கிப்போயி டயரு மட்கார்டுல இடிக்கும். ஒரு பள்ளம் போதும், குந்தினவரு இடுப்பு போயிடும். அந்தப் பொண்ணே சொல்லிச்சு, அவருக்குக் கொஞ்சம்கூட அதிரக் கூடாதுன்னு." பாலையா சிரித்தான். "நல்ல கவனிப்புதான், போ."

"எப்ப வேணுமாம்?"

"திங்கக்கெழம காலைல தூரமா போறாங்களாம். கம்பெனிக்கு லீவு போட்டுட்டேன்னுச்சு."

திங்கட்கிழமை. காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணைக் காட்ட அவர் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். அவர் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் ஏற்பாடு நடந்திருக்கிறது. வாயெல்லாம் கசந்தது. எழுந்துபோய்ச் சாக்கடையில் துப்பினார்.

அவருடைய அப்பா அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றவர். முனிரத்தினம் சொந்தமாக நிலம் வாங்கி, யாரிடமும் ஒரு சொல் கேட்காமல் தலை நிமிர்ந்து நடந்தவர். அந்தத் தலையை மெக்கானிக் கடையில் ஒருத்தி குனிய வைத்துவிட்டாள்.

அன்று மாலை ஹர்ஷினி காபி கொண்டுவந்து வைத்தாள். டம்ளரைத் தொடவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆடை படியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாசலில் கொட்டினார்.

"இன்னாத்துக்கு மூஞ்சிய இப்பிடி வெச்சுக்கினு கீறே?" என்றாள் மனைவி கோவிந்தம்மாள்.

"பொம்பளைக்கு எதுக்கு பைக்குன்னு அன்னிக்கே சொன்னேன். எவன் கேட்டான்?"

"ஒம் புள்ளதானே சாவியக் குடுத்துட்டுப் போனான்? அவனக் கேளு."

பெண்பிள்ளை ஓட்டும் வண்டியில் அவர் ஏறியதில்லை. ஏறப்போவதும் இல்லை. போன மாதம் சீனு, "பஸ்ல தொங்கிக்கினு போவாதே நைனா, ஹர்ஷினி இட்டுக்கினு போவா" என்றபோதும் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு பஸ்ஸில்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, யாரும் பார்க்காத நேரத்தில், பைக்கின் பின்சீட்டில் பினாயிலை ஊற்றித் தேய்த்துக் கழுவினார். மகனின் உழைப்பில் வாங்கிய சீட்டு. எவனோ குந்தித் தேய்க்கிற சீட்டு. துடைத்த துணியைக் குச்சியால் தூக்கிக் குப்பையில் எறிந்தார். கையில் இரண்டு முறை சோப்பு போட்டும் அந்த நாற்றம் போகவில்லை.

திங்கட்கிழமை காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஆனால் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. வாசற்படிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஹர்ஷினி உள்ளிருந்து வந்தாள். ஒரு கையில் அவளுடைய ஹெல்மெட். மறு கையில் புதிதாக, பெரிதாக இன்னொன்று.

"மாமா, நீங்க..."

"வாயத் தொறக்காதே."

சத்தம் கேட்டுக் கோவிந்தம்மாள் ஓடிவந்தாள். "காலங்காத்தால இன்னா ஆச்சு?"

"ஒம் மருமவளக் கேளு. அந்த ரெண்டாவது ஹெல்மெட்டு எந்தத் தடியனுக்குன்னு கேளு. தொண்ணூறு கிலோ எருமை ஒண்ணப் பின்னாடி குந்தவெச்சுக்கினு சுத்தறதுக்கு ஸ்பிரிங்கை ஏத்தி வெச்சிருக்கா. நான் பாத்துட்டுத்தான் பேசறேன். அந்த மெக்கானிக்குக்கூட சிரிக்கிறான்."

ஹர்ஷினியின் முகம் சிவந்துபோனது. "மாமா, அது வந்து..."

"எங்கிட்டப் பேசாதே. நீ பேசறதக் கேட்டாலே கொமட்டுது. ஒம் புருசங்கிட்ட பேசிக்கோ. பேசி முடிச்சதும் ஒங்க அம்மா வூட்டுக்குப் பொட்டியக் கட்டு."

குவைத் நம்பரைப் போட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தி, போனைக் கோவிந்தம்மாளுக்கும் மருமகளுக்கும் நடுவில் நீட்டினார். ஹர்ஷினி பெரிய ஹெல்மெட்டை மெல்ல நாற்காலிப் பக்கத்தில் வைத்தாள்.

மணி அடித்தது. எடுத்துவிட்டான். முனிரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் சீனுவின் குரல் குதூகலமாக முந்திக்கொண்டது.

"ஏறிக் குந்திட்டியா நைனா? ஒன் கனத்துக்கு ஸ்பிரிங் ஏத்தியாச்சாமே, இனிமே வண்டி தாங்காதுன்னு சாக்கு சொல்லிக்கினு பஸ்ஸுக்கு ஓட முடியாது."