மேகத்துக்கு வழி

மேகம் வந்து மலையுச்சியில் உட்காரும். இந்தப் பக்கம் இறங்காது. அந்தப் பக்கத்திலோ ஆடி முழுக்கத் துணி காயாது. மாடத்தி அங்கே பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். மேகத்துக்கு வழிவிட, வீட்டுக்கு ஒருவர் உச்சிக்கு ஏறிக் கல்லுடைத்துச் சுமப்பது தலைமுறையாக இந்த ஊர் வழக்கம்.

"மழை என்ன ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று மாமியார் கேட்டபோது மாடத்தியும் கூடையைத் தூக்கினாள். கல் சுமக்கையில் தம்பி இசக்கியின் நெல்வயல் கண்ணுக்குள் வந்து வந்து போனது. ஆனாலும் சுமந்தாள்.

இந்த ஆனியில் மலை பிளந்து வழி திறந்தது. மேகம் நுழைந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். வாசலெல்லாம் குடமும் அண்டாவும் வைத்தார்கள். மேகமோ அவிழ்த்துவிட்ட மாடு போலத் தலைக்கு மேலே கிழக்கே ஓடியது. அடுத்ததும் அப்படியே. ஒரு சொட்டு விழவில்லை.

ஆடி பிறந்தும் வானம் அப்படியே இருந்தது. மாடத்திக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விறுவிறுவென்று பிளவுக்கு ஏறினாள். எதிர்ப் பக்கத்திலிருந்து இசக்கி ஏறி வந்தான். அவன் கையில் காய்ந்த நாற்று ஒரு பிடி.

"எக்கா, மழ பூரா இப்ப ஒங்க பக்கமா பெய்யுது?"

இன்னொரு மேகம் வந்துகொண்டிருந்தது. மாடத்தி பிளவின் நடுவே ஓடிப்போய், இரண்டு கைகளையும் விரித்து அதை மறித்து நின்றாள். மேகம் அவளை நனைத்துக்கொண்டு கடந்தது. முந்தானை நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது.

இசக்கி நாற்றை அதன் கீழே நீட்டினான்.