ஆப்பரேட்டர் விடும் வரை

மலைமேல் கொட்டச்சேடு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஆரோக்கியதாஸ், ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மனைவி லூர்துசெல்வியின் கம்ப்யூட்டர் நோட்டைப் பிரித்தான். மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் வேலைக்கு அவள் பரீட்சை எழுதி ஒரு மாதம் ஆகிறது. வேலைக்கான ஆர்டர் வருவதற்குள் படித்தது மறந்துவிடக் கூடாது என்று தினமும் அவனைக் கேள்வி கேட்கச் சொல்வாள்.

"ஜாப் ஸ்டேட்மென்ட் எதுக்கு?"

"வேலை யாரோடதுன்னு மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டருக்குச் சொல்றதுக்குங்க."

"எக்ஸெக்?"

"எந்த புரோகிராமை ஓட்டோணும்னு சொல்றதுக்கு."

"டைப்ரன் ஈக்குவல் ஹோல்டுன்னு போட்டா?"

"வேலை உள்ள போயிரும், ஆனா ஓடாதுங்க. ஆப்பரேட்டர் விடுற வரைக்கும் காத்துக்கிட்டே கிடக்கும்."

"அதுல ஏதாச்சும் தப்பிருக்குமா?"

"ஒரு தப்பும் இருக்காதுங்க."

அவன் நோட்டை மூடினான். சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த உறையை எடுத்து நீட்டினான்.

"உன்ற ஆர்டர், செல்வி. வந்து எட்டு நாளாச்சு. புதன்கிழமை சேரோணும். குடுக்க மனசு வரலை."

"தெரியுமுங்க. தபால்காரரு அன்னைக்கே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"நீங்களா குடுக்கோணும்னு இருந்தேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். எல்லாம் ஏற்கெனவே அடுக்கியிருந்தது. சேலைகளுக்கு மேலே அவனுடைய பழைய ஸ்வெட்டர் இருந்தது.

"மெட்ராஸ் வெயிலுக்கு இதெதுக்கு?"

"போட்டுக்க இல்லீங்க" என்றாள்.