லாரியைப் பார்த்த சாட்சி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. வாயில் இருப்பதை முதலில் விழுங்கிவிடுங்கள். சிரித்துப் புரையேறினால் தலையில் தட்ட எனக்குக் கை எட்டாது. லாரியைக் கண்டால் சோறு தண்ணி மறந்துபோகும் ஒரு மனிதரின் கதை சொல்லப்போகிறேன்.

"லாரி எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றார் போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர்.

கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார்.

"கொஞ்சமா? அழகுன்னா அப்படி ஒரு அழகு சார்! மூக்கு நீட்டின பழைய முகம். இப்ப வர்றதெல்லாம் தீப்பெட்டியை நிமிர்த்தி வெச்ச மாதிரில்ல இருக்கு? இது அப்படி இல்ல. ரெண்டு விளக்கும் உருண்டையா, தூங்கி எழுந்த குழந்தை மாதிரி முழிக்குது. ஆனா சார்..." குரலைத் தாழ்த்தினார். "இன்ஜின் மட்டும் புதுசு. சத்தத்துலயே கண்டுபிடிச்சுட்டேன். கிழவி தொண்டையில குமரி பாடுற மாதிரி!"

தெருவில் எல்லோரும் அவரை லாரிப்பித்தர் என்றுதான் அழைப்பார்கள். நெடுஞ்சாலைப் பாலத்தின்மேல் நின்றுகொண்டு போகிற வருகிற லாரிகளை ரசிப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. பழசைப் பார்த்தால் கும்பிடுவார். புதுசைப் பார்த்தால் விசிலடிப்பார். லாரியைப் பார்த்தது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதுமே முந்திக்கொண்டு கையைத் தூக்கியவரும் அவர்தான்.

எதிர் பெஞ்சில் தையல்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூல் வாங்கக் கடைக்குப் போய்வருவதற்குள் யாரோ லாரி வைத்து அவர் வீட்டைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். தையல் மெஷின் போயிற்று. பீரோ போயிற்று. பீரோவுக்குள் தைத்து முடித்து மடித்து வைத்திருந்த கல்யாண உடுப்பும் போயிற்று.

"விடிஞ்சா கல்யாணம் சார். அந்தப் பொண்ணு எதை உடுத்திக்கிட்டு நிப்பா? இனிமே ஒரு பட்டன் தைக்கக்கூட என்னை நம்பி எவளும் துணி குடுக்க மாட்டா."

"அழாதீங்கம்மா, பிடிச்சிடலாம்" என்ற இன்ஸ்பெக்டர், பித்தர் பக்கம் திரும்பினார். "ஆளுங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சியைத்தான் சொன்னேனே சார். மூக்கு நீட்டி..."

"திருடனுங்க மூஞ்சிய்யா!"

"அப்படி ஒரு லாரி நிக்கிறப்ப மனுஷன் மூஞ்சியை எவன் சார் பாப்பான்?"

எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறினார்.

"சரி, சாமான் ஏத்துறதையாவது பாத்தீங்களா?"

"யாரோ வீடு மாத்துறாங்கன்னு நெனச்சேன் சார். பீரோவைத் தூக்க முடியாம முக்கிக்கிட்டு இருந்தாங்க. 'ஒரு கை பிடிங்கண்ணே, டிரைவர் சீட்ல உக்கார விடுறோம்'னாங்க. பிடிச்சேன்."

"பிடிச்சீங்களா!"

"ஆரன் அடிக்கவும் விட்டாங்க சார்." பித்தருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்புறம் லாரியைப் பின்னால எடுக்கத் திணறுனாங்க. நான்தான் பின்னாடி நின்னு 'வா, வா, இன்னும் ஒடி'ன்னு வழி சொல்லி வெளிய அனுப்பினேன். ஒரு கீறல் விழலை."

தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்த வீட்டுச் சாமான்னு கூடவா பாக்கலை?"

"பின்பக்கச் சந்து சார். லாரி அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. அதைத் தாண்டி வேற எது கண்ணுல படும்?"

இன்ஸ்பெக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தையல்காரம்மாவைப் பார்த்தார். "வீட்டைத் திறந்து போட்டுட்டா போனீங்க?"

"ஒரு ஆளைக் காவல் வெச்சுட்டுத்தான் சார் போனேன்."

"அந்த ஆள் எங்க?"

அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் பித்தர் துள்ளி எழுந்தார். "சார், சார்! முக்கியமானதை விட்டுட்டேன். லாரி முழுக்க நீலம். இடது பக்கப் பின்சக்கரத்து மட்கார்டு மட்டும் பச்சை! வேற ஏதோ லாரியிலேருந்து கழட்டி மாட்டியிருக்காங்க, பாவிங்க."

இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸிடம் ஓடினார். மூக்கு நீண்ட முகம், புது இன்ஜின், பச்சை மட்கார்டு என்று ஒன்று விடாமல் சொன்னார். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. சோதனைச் சாவடியில் லாரி பிடிபட்டது. மெஷின் பத்திரம். பீரோ பத்திரம். கல்யாண உடுப்பு மடிப்புக்கூடக் கலையவில்லை.

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டார்.

"லாரிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று பதறினார் பித்தர்.

இன்ஸ்பெக்டருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு சாட்சியைப் பாத்ததில்லைம்மா. அவருக்கு ஒரு கும்பிடு போடுங்க. அப்புறம், அந்தக் காவல் வெச்ச ஆள் இருக்கானே, அவனை முதல்ல மாத்துங்க. எங்கயோ வேடிக்கை பாக்கப் போயிருக்கான், தண்டம்!"

"மெஷின் ஊசின்னா மாத்திடலாம் சார், கட்டிக்கிட்ட புருஷனை எப்படி மாத்துறது?" என்றபடி தையல்காரம்மா பித்தரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரிங்க. லாரியைப் பாத்தது போதும். இன்னைக்காவது நம்ம வீட்டு வாசல் எங்க இருக்குன்னு பாத்து வெச்சுக்குங்க."

நீங்கள் நல்லாயிருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் வைத்தது வைத்த இடத்தில் இருக்கட்டும், பீரோ நிறையட்டும், அதைத் தூக்குகிற கைகளெல்லாம் உங்கள் சொந்தக் கைகளாகவே இருக்கட்டும்.