கிமாரிக்கு என்ன அர்த்தம்?

"போன புதன்கிழமை கிமாரின்னா ஒரு பறவைன்னு சொன்னீங்க சார். அதுக்கு முந்தின வாரம் கப்பல்காரனோட பெண்டாட்டி பேருன்னீங்க. இன்னைக்கு என்ன?"

நான்கு மாடி ஏறிய மூச்சிரைப்போடு அருங்காட்சியகத்து அம்மாள் கோப்பைத் திறந்தார். குடை பிடித்தும் தோளெல்லாம் நனைந்திருந்தது. மழைக்குப் பயந்தோ என்னவோ, கழுத்தில் அடையாள அட்டைகூட இல்லை.

மெக்கானிக் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். ஓய்வு பெறும்வரை ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவர் அவர். அவர் குடியிருக்கும் கட்டடத்தில்தான் லிஃப்ட் நின்று இரண்டு வருடம் ஆகிறது.

மேசைமேல் கிமாரி இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே பித்தளைத் தகடுகள் முனகும் ஒரு மரப்பெட்டி. மூன்று மாதத்துக்கு முன், அபூர்வ வாத்தியங்களைப் பட்டியல் எடுக்க வந்த அம்மாள் எல்லா விவரத்தையும் ஒரே நாளில் எழுதிவிட்டார். 'பெயர்க் காரணம்' என்ற கட்டம் மட்டும் பாக்கி.

அது நிரம்பிவிட்டால் அவர் ஏன் வரப்போகிறார்? அதனால் மெக்கானிக் வாரத்துக்கு ஒரு கயிறு திரித்தார். மற்ற ஆறு நாளும் அவர் கதவைத் தட்ட ஒரு நாதி கிடையாது.

"ஒரு தீவுல கிமாரின்னா, 'இன்னும் கொஞ்ச நேரம் இரு'ன்னு அர்த்தம்மா. விருந்தாளி கிளம்பறப்ப இதை எடுத்து வாசிப்பாங்களாம்…"

அம்மாள் தும்மினார். மறுபடி தும்மினார். அப்போதும் எழுதுவதை நிறுத்தவில்லை. மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை.

"எழுதாதீங்கம்மா. அத்தனையும் புளுகு. பழைய சாமான் கடையில வாங்கின பெட்டி இது. இதுக்குப் பேரே கிடையாது. நீங்க கேட்டீங்களேன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லி வச்சேன். அப்புறம், நீங்க வந்துட்டுப் போறது நல்லா இருந்துச்சு."

பேனா நின்றது. போச்சு, இனிமேல் புதன்கிழமையும் இல்லை என்று மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களை மழையில அலைய விட்டுட்டேன். உங்க மேலதிகாரிகிட்ட நானே வந்து மன்னிப்புக் கேக்கறேன்."

அம்மாள் துண்டால் முகத்தை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"அங்க போய் யார்கிட்ட கேப்பீங்க? அந்தக் கட்டத்துல 'தெரியவில்லை'ன்னு போட்டு அப்பவே அனுப்பிட்டேன். நான் ரிட்டயராகி ரெண்டு மாசம் ஆச்சு சார். அதை விடுங்க, விருந்தாளி கிளம்பறப்ப வாசிப்பாங்கன்னீங்களே, அப்புறம்?"