வழி விட வேண்டியவன்

"'கடல்லதான் ரோடே இல்லையே மாமா, அப்புறம் யாரு யாருக்கு வழி விடணும்?'னு உன் மக ஒருநாள் கேட்டா. வலப்பக்கம் ஒரு படகோட சிவப்பு விளக்கு தெரிஞ்சா நாமதான் விலகணும், பச்சை தெரிஞ்சா நாம நேரா போகலாம்னு சொன்னேன். ஏழு வயசுல அவளுக்குப் புரிஞ்சது, மீசை வச்ச உனக்குப் புரியலையா?"

துறைமுக அலுவலகத்தின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கத்தியவன் பயணிகள் படகு ஓட்டுபவன். எல்லோருக்கும் அவன் 'வெடி'. எதிரே தலைகுனிந்து நின்றவன் அவனுடைய தங்கையின் கணவன், மீன்பிடிப் படகுக்காரன், 'சாது'. "வாங்க மாப்பிள்ளை" என்றே அழைத்துப் பழகிய வாய் இன்று 'நீ'க்கு இறங்கிவிட்டது.

நேற்று பொழுது சாயும் நேரத்தில், சாதுவின் படகு பயணிகள் படகின் இடப்பக்கத்தில் மோதியிருந்தது. பலகை பிளந்தது; பயணிகள் அலறியதோடு தப்பினார்கள்.

"விளக்கெல்லாம் சரியா எரிஞ்சுதா? இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை?" என்றார் அதிகாரி.

"கூரைக்குப் பெயிண்ட் அடிச்சு, விளக்கைக் கழட்டித் துடைச்சு நானே மாட்டினேன் சார். நேத்துதான் முதல் ட்ரிப். ரெண்டும் ஜொலிக்குது. இவனுக்குத்தான் கண்ணு பிடரியில இருக்கு."

அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எதுக்கும் ரெண்டு படகையும் பார்த்துடறேன். ஆளேத்துற படகுல குறை இருந்தா லைசென்ஸ் போயிடும், திரும்பக் கிடைக்காது. மீன்பிடிப் படகுன்னா மூணு மாசம் கரையில இருக்கணும்."

"பார்க்க வேண்டாம் சார்." சாது முதல்முறையாக வாய் திறந்தான். "சிவப்பு விளக்கு எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. மச்சான் விலகிப் போயிடுவார்னு அசட்டையா வந்துட்டேன். தப்பு என்னோடது."

வெடிக்கு முகம் சிவந்தது. "கேட்டீங்களா சார்? தெரிஞ்சே வந்திருக்கான். கைக்குழந்தைங்க இருந்த படகு சார் அது. இனிமே என் வீட்டு வாசப்படி ஏறாதே. தங்கச்சி வரட்டும், நீ வராதே."

ஒருமுறை டீசல் போட மறந்து கிளம்பி, பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்ட சாதுவைக் கயிறு வீசி இழுத்து வந்தவன் இதே மச்சான்தான். கேட்டவர்களிடம் எல்லாம் 'இன்ஜின் கோளாறு' என்றே சொல்லி அவன் மானத்தைக் காத்தான். இத்தனை கோபத்திலும் அதை மட்டும் அவன் சொல்லிக்காட்டவில்லை.

அதிகாரி மறுபடி உட்கார்ந்து எழுதினார். "மூணு மாசம்."

"மீனுங்களாவது மூணு மாசம் நிம்மதியா இருக்கட்டும்" என்று சீறிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெடி சாப்பிடப் போனான்.

நடுப்பகல் வெயிலில் படகுத்துறையில் ஈ காக்கை இல்லை. சாது பயணிகள் படகின் கூரைமேல் ஏறினான். மச்சானுக்கு எதிலும் அவசரம். படகின் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தே மாட்டியிருக்க வேண்டும்.

வலப்பக்கம் இருந்த சிவப்பு விளக்கைக் கழற்றி இடப்பக்கத்திலும், இடப்பக்கம் இருந்த பச்சையை வலப்பக்கத்திலும் மாட்டி, திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினான்.